கிணற்றுக்குத் திரும்பிய தண்ணீர்

ராயம்மாளைப் புதைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வீடு முழுக்க உறவுக்காரர்கள். பின்பக்கத்துக் கொடியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முந்தின நாள் காலையில், நெஞ்சு வலிக்கிறது என்று உட்காருவதற்குச் சற்று முன்னால், ராயம்மாள் தன் கையால் துவைத்து உலர்த்தின கத்தரிப்பூ நிறச் சேலை அந்தக் கொடியில் கிடந்தது.

எட்டு நாள் கழித்துத்தான் அவள் புருஷன் ஆரோக்கியநாதனுக்கு அந்தச் சேலை ஞாபகம் வந்தது. கொடி வெறுமையாக இருந்தது. காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், வழக்கம்போலக் கிணற்றடிக்கு வந்த மருதேவியம்மாள் மடித்த சேலையை அவர் கையில் கொடுத்தார். ஒரு சொட்டுக் கறை இல்லை. சவுக்கார வாசனைகூட அப்படியே இருந்தது.

"மழ வந்துது" என்றார். அவ்வளவுதான்.

மருதேவியம்மாள் ஜைனர் வீட்டு விதவை; ஊரில் நயினார் வீடு என்பார்கள். சாவு விழுந்த வீட்டுத் துணியைத் தொட்டால் அவர்களுக்குக் குளித்தாக வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு, அந்த மழையில், எரியாத விறகோடு போராடாமல் பச்சைத் தண்ணீரிலேயே அந்த அம்மாள் குளித்திருக்கிறார். இதை ஆரோக்கியநாதன் பல மாதம் கழித்து வேறொருவர் வாயால்தான் கேட்டார். கேட்ட அன்று செபமாலையில் அந்த அம்மாளுக்கென்று ஒரு மணி சேர்த்துச் சொன்னார். பிற மதத்துக்காரர்களுக்காகச் சொல்லலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியாது. சொன்னார்.

செஞ்சியில் அப்போது ஆரோக்கியநாதனை டெய்லர் என்றால்தான் தெரியும். கடைவீதியில் ஒரு மிஷின், வீட்டுப் பின்வாசலில் ஒரு மிஷின். பிள்ளை குட்டி இல்லை. நான்காம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அவர் வீட்டுப் பின்னால் இருந்த கிணறு மட்டும் அந்தப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர்க் கிணறு. பக்கத்துத் தெருக்களில் எங்கே தோண்டினாலும் உப்பு. அதனால்தான் மருதேவியம்மாள் அங்கே வர ஆரம்பித்தார்.

தொண்டூரில் பிறந்தவர். பதினாறு வயசில் செஞ்சி தானிய வியாபாரி வீட்டுக்கு மருமகளாக வந்து, முப்பத்து நாலு வயசில் தாலி இழந்தவர். புருஷன் போன கையோடு மேல்சித்தாமூர் மடத்துக்குப் போய், சுவாமிகள் முன்னால் ஒரு விரதம் எடுத்துக்கொண்டு வந்தார். வடிகட்டாத தண்ணீர் குடிப்பதில்லை. வடிகட்டின மிச்சத்தை எந்தக் கிணற்றில் இறைத்தோமோ அந்தக் கிணற்றிலேயே விடாமல் வாயில் தண்ணீர் வைப்பதில்லை. ஜைனர் வீடுகளில் பழக்கமான காரியம்தான் இது. ஆனால் நாளாக ஆக அங்கொருவர் இங்கொருவர்தான் இத்தனை கண்டிப்பாகச் செய்தார்கள்.

தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. கெட்டித் துணியை இரட்டையாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிகட்டினால் அவை துணியில் தங்கிவிடும். துணியைத் திருப்பி, வடிகட்டின நீரைக்கொண்டே அலசி, அந்த அலசல் நீரை அதன் கிணற்றிலேயே சேர்த்துவிட வேண்டும். மேலிருந்து கொட்டக் கூடாது. விழுகிற வேகத்தில் அவை செத்துப்போகும். அதற்கென்று ஒரு சின்னச் செம்பு. அதன் அடியில் ஒரு வளையம், வளையத்தில் இன்னொரு கயிறு. செம்பு தண்ணீரைத் தொட்ட பிறகு அந்தக் கயிற்றை இழுத்தால் மெல்லக் கவிழும். காலையில் இறைத்ததைக் கிணற்றடியிலேயே வடிகட்டி விட்டுவிட்டுப் போவார். ஆனால் வடிகட்டின நீர் இரண்டு நாழிகைக்குத்தான் ஆகும்; அதற்கப்புறம் அதில் மறுபடி உயிர்கள் உண்டாகிவிடும். சாயங்காலச் சமையலுக்கு வீட்டில் மறுபடி வடிகட்டி, அந்த அலசலை மூடின செம்பில் எடுத்துக்கொண்டு, பொழுது இறங்குவதற்குள் திரும்ப வருவார். ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் மறைந்துவிட்டால் வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தாலும் அந்த அம்மாளுக்கு அன்றைய பொழுது முடிந்தது. அதற்கப்புறம் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை.

துணியை வருஷத்துக்கொரு தரம் ஆரோக்கியநாதன்தான் ஓரம் அடித்துத் தருவார். மீன் அலசுவதை ராயம்மாள் இருந்த நாளிலேயே கிணற்றடியிலிருந்து தெருப்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த அம்மாள் கேட்கவில்லை, இவர்களாகச் செய்ததுதான்.

ராயம்மாள் போன பிறகு, சாயங்காலத்தில் பின்வாசல் மிஷினில் பித்தான் துளை கட்டிக்கொண்டிருக்கும்போது, செம்பு இறங்கும் சத்தம் கேட்கும். கயிறு உரசும். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நிற்பார். ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று ஆரோக்கியநாதன் நினைத்துக்கொள்வார்.

"விட்டாச்சா?" என்பார், நிமிராமல்.

"விட்டாச்சு."

அதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மாள் கிளம்புவார். ஒரு நாளில் அவர் வீட்டுக்குள் கேட்கிற மனுஷக் குரல் அது ஒன்றுதான். அதை அவர் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் ராஜாங்கம் என்ற இளம் ஆசிரியர் செஞ்சி உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து, ஆரோக்கியநாதன் வீட்டுப் பக்கத்து அறையில் குடியிருந்தார். அறை ஜன்னலைத் திறந்தால் கிணறு. நல்ல பையன். இரைந்து பேச மாட்டார். பட்டணத்து மாத இதழ்களுக்குக் கதை எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை கடையில் வந்து உட்கார்ந்தால் பேச்செல்லாம் கதையைப் பற்றித்தான்.

இனிமேல் கதை என்றால் மேலே நடக்கிறதை எழுதினால் போதாது என்பார். ஐரோப்பாவில் ஒரு டாக்டர் அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே கண்டு சொல்லிவிட்டாராம். மனுஷனுடைய மனசுக்கு அடியில் இன்னொரு மனசு இருக்கிறது. ஆண் பெண் ஆசையை அமுக்கி வைத்தால் அது அங்கே போய் உட்கார்ந்துகொண்டு வேறு வேஷத்தில் வெளியே வரும். ஒருத்தருக்குக் கை கழுவிக்கொண்டே இருக்கிற பழக்கமாக வரும், ஒருத்தருக்கு விரதமாக, பூசையாக வரும். கனவில் பாம்பு வந்தால் அது பாம்பில்லை, பானை வந்தால் பானையில்லை. இப்போது வருகிற நல்ல கதைகளிலெல்லாம் இந்த டாக்டர்தான் மறைந்து நிற்கிறார், பார்க்கிற கண் இருந்தால் தெரியும் என்பார்.

எதிர்க்கடையில் முடிவெட்டும் பச்சமுத்து இதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எனுக்குக் கனவுல வெறும் சோறுதான் சார் வருது. அது இன்னா ஆசை?" என்றான். அரிசிக்குத் திண்டாடின காலம் அது. ராஜாங்கமும் சிரித்துவிட்டார்.

மறு வருஷம் பங்குனியில் அவருடைய கதை ஒன்று அச்சில் வந்தது. 'மூடிய செம்பு' என்று பேர். சந்தோஷமாக ஒரு பிரதியை ஆரோக்கியநாதனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆரோக்கியநாதன் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். இரண்டு சாயங்காலம் ஆனது. கதையில் மாணிக்கம் என்று ஒரு தையல்காரன். மனைவி செத்தவன். சாரதா என்று ஒரு விதவை. அவள் தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு செம்பை முந்தானையால் மூடிக்கொண்டு அவன் கிணற்றுக்கு வருகிறாள். செம்பில் இருப்பதைக் கிணற்றில் இறக்குகிறாள். செம்பு மேலே வந்த பிறகும் போகாமல் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அவனோ தலை நிமிராமல் மிஷினை மிதிக்கிறான். கடைசியில் ஒரு டாக்டர் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறார். அவள் இறக்கியது தண்ணீரை அல்ல. வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றை. கிணறும் கிணறல்ல. அவன் காலடியில் ஏறி இறங்குகிற அந்தப் பலகைக்கும் ஓர் அர்த்தம் உண்டு.

ஆரோக்கியநாதன் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் காலைப் பார்த்தார். முப்பது வருஷமாக மிதித்த கால். அன்று அவரால் ஒரு சட்டைகூட முடிக்க முடியவில்லை. மிதிக்கிற ஒவ்வொரு தரமும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

மறுநாள் ராஜாங்கத்திடம் கேட்டார்.

"செம்புல இன்னா இருக்குதுன்னு அந்த அம்மாளக் கேட்டிருக்கலாமே சார்?"

"கேட்டா தெரியாதுண்ணே. அடிமனசுல இருக்கிறது அவங்களுக்கே தெரியாது. அதனாலதான் டாக்டர் வேணும்."

"அப்ப அவங்க இன்னா சொன்னாலும் நீங்க சொல்றதுதான் நெசமா?"

அது கதைதானே, பேர்கூட வேறே, யாரையும் நினைத்து எழுதவில்லை என்றார் ராஜாங்கம். அவர் பொய் சொல்வதாக ஆரோக்கியநாதனுக்குத் தோன்றவில்லை. தான் பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாததைத் தானே போட்டு நிரப்பிக்கொண்டார்.

செஞ்சி சின்ன ஊர். ஒரு பிரதி ஐம்பது கை மாறியது. ஒரு வாரத்துக்குள் பச்சமுத்து கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டே வீதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தான்.

"இன்னா டெய்லரே, இன்னிக்குச் செம்பு வந்துச்சா?"

முடி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆரோக்கியநாதன் ஊசியில் நூல் கோர்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். அன்றையிலிருந்து ஐந்து சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகவில்லை. சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போன பிறகுதான் கடையைக் கட்டினார். வீட்டுக்குப் போனால் கிணற்றடிக் கல் ஈரமாக இருக்கும். அந்த அம்மாள் வந்துபோயிருக்கிறார். யாரும் 'விட்டாச்சா' என்று கேட்காமல், தானாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஆறாம் நாள் கல் காய்ந்து கிடந்தது. காலையிலும் யாரும் தண்ணீர் இறைக்க வரவில்லை. அடுத்த நாளும் அப்படியே.

சனிக்கிழமை காலையில் ஆரோக்கியநாதன் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டார். சாமியார் வயசானவர், காது கொஞ்சம் மந்தம்.

கற்புக்கு விரோதமான பாவம் ஒன்று சொல்ல வேண்டும் என்றார் ஆரோக்கியநாதன்.

"எப்ப செஞ்சே?"

"நான் செய்யல சாமி. கதையில செஞ்சிருக்கேன்."

ஆரோக்கியநாதன் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். கதையில் செய்ததற்குக் கதை எழுதினவன்தான் இங்கே வந்து முட்டி போட வேண்டும் என்றார் சாமியார். பிறகு, அப்படி ஒரு நினைப்பு உன் மனசில் இருந்ததா என்று கேட்டார்.

"தெரியல சாமி. அதப் படிக்கிற வரைக்கும் இல்ல. படிச்சப்புறம் உள்ள தேடிப் பாக்கறேன். தேடத் தேட இருக்கிற மாதிரியும் இருக்குது. அது முன்னமே இருந்துச்சா, கதைதான் கொண்டாந்து வெச்சிச்சான்னு எனக்கு வெளங்கல."

உள்ளே தேடுவதை விட்டுவிடு, அது ஆண்டவர் தேட வேண்டிய இடம் என்றார் சாமியார். ஆனால் ஐந்து நாள் கடையில் போய் ஒளிந்துகொண்டாயே, அந்த அம்மாளைத் தனியாக வந்து போகவிட்டாயே, அது நீ நிஜமாகச் செய்தது. அதற்குத்தான் பரிகாரம் என்று மாதாவை நோக்கிச் சொல்லப் பத்துப் பிரியதத்த மந்திரம் கொடுத்தார்.

ஆறாவது மந்திரம் சொல்லிக்கொண்டே கடையைத் திறக்கும்போது மீனம்பாள் வந்தாள். மருதேவியம்மாள் தெருவில் பால் ஊற்றுகிறவள். ரவிக்கை வாங்க வந்தவள், வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"நயினார் வீட்டம்மாவுக்கு ரெண்டு நாளா பச்சத் தண்ணி பல்லுல படல, தெரியுமா? அனந்தபுரத்துலருந்து அண்ணன் மவன் வந்து குந்திக்கினு இருக்கான். அந்த வூட்டுக் கெணத்துப் பக்கமே போவக் கூடாதுன்னுட்டான். செம்பு ரொம்பி மாடத்துல இருக்குது. அத வுடாம வாய நனைக்க மாட்டேங்குது அது. வெயிலு வேற இப்புடி அடிக்குது."

சித்திரை பிறக்க நான்கு நாள்தான் இருந்தது. மலைப் பாறைகளிலிருந்து கிளம்புகிற அனல் கடைவீதி வரைக்கும் வந்துகொண்டிருந்தது. ஆரோக்கியநாதன் திறந்த கடையை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். அந்த அம்மாள் கிணற்றுக்கு வந்துபோன பதினோரு வருஷத்தில் அந்தத் தெருவுக்கு அவர் போனதே இல்லை.

வாசலில் தர்மதாஸ் நின்றான். அந்த அம்மாளின் அண்ணன் மகன், முப்பது வயசு, நெல் வியாபாரம். பட்டணத்து இதழால் ஊரில் அத்தை பேர் அடிபட்டதில் இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"செம்பக் கொடுங்க. நானே கொண்டும்போயி விட்டுர்றேன்" என்றார் ஆரோக்கியநாதன்.

"ஊரு சிரிச்சது போதாதா டெய்லரே?"

"போதும் தம்பி. அதுக்குத்தான் பட்டப்பகல்ல வந்திருக்கேன்."

உள்ளேயிருந்து மருதேவியம்மாள் வந்தார். உதடு வெடித்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். இரண்டு கையாலும் செம்பைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார். பக்கத்தில் கயிறு இரண்டையும் சுருட்டி வைத்தார். தர்மதாஸ் தடுக்கவில்லை.

"அலுங்காம எடுத்துக்கினு போங்க" என்றார்.

ஆரோக்கியநாதன் கடைவீதி வழியாகத்தான் போனார். சந்து வழியும் இருந்தது. செம்பை மார்போடு அணைத்து, மூடியின்மேல் ஒரு கையை வைத்து, அடி அடியாக எடுத்து வைத்தார். வியாதிக்காரர் வீட்டுக்குச் சாமியார் தேவநற்கருணை கொண்டுபோவதை அவர் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த நடை அது ஒன்றுதான். வண்டிக்காரன் ஒருவன் மாட்டைப் பிடித்து நிறுத்தினான். பச்சமுத்து வாயைத் திறந்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, துண்டை உதறினான்.

கிணற்றில் செம்பை இறக்கினார். தண்ணீர் தொட்டது கையில் தெரிந்தது. அடிக்கயிற்றை மெல்ல இழுத்தார். கவிழ்ந்தது. இரண்டு நாள் மாடத்தில் இருந்த அந்த உயிர்கள் உயிரோடுதான் இருந்தனவா, யார் கண்டது? வெறும் செம்பு மேலே வந்தது. அவர் நகரவில்லை. கீழே வட்டமாக ஒரு துண்டு வானம், அதன் நடுவில் கறுப்பாக ஒரு தலை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்கே தெரியாது.

ஜன்னலிலிருந்து ராஜாங்கம் மெதுவான குரலில் கேட்டார்: "அதுல என்னண்ணே இருந்தது?"

"உசுரு சார்" என்றார். பிறகு விவரமாகச் சொன்னார். ராஜாங்கம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முகம் சுண்டிப்போயிற்று. இதை எழுதலாமா, எழுதினால் முன்னால் எழுதினது சரியாகிவிடுமா என்று கேட்டார்.

"வேணாம் சார். விட்டுருங்க."

வெறும் செம்பை மீனம்பாளிடம் கொடுத்தனுப்பினார். அன்று மத்தியானம் மருதேவியம்மாள் தண்ணீர் குடித்தாராம். தர்மதாஸே தன் கையால் உப்புக்கிணற்றில் இறைத்து, வடிகட்டிக் கொடுத்தானாம்.

நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு அந்த அம்மாள் மறுபடி வரவில்லை. யாரும் தடுக்கவில்லை, வரவில்லை. பெண்கள் சிலர் போய்க் கூப்பிட்டும் பார்த்தார்கள். உப்புத் தண்ணீரே பழகிவிட்டது என்றாராம். ஆரோக்கியநாதன் சாயங்காலத்தில் பின்வாசல் மிஷினில்தான் உட்கார்ந்தார். கால் முன்போல மிதித்தது. ராஜகிரி நிழல் கிணற்றடிக்கு வந்து, கல்லைத் தாண்டி, வாசற்படி ஏறும். அதற்கப்புறம் விளக்கேற்றி, தனக்கென்று ஒரு ஆழாக்கு அரிசி களைவார். அந்தத் தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டும்போது, ஏனோ, கையைத் தாழ்த்தி மெதுவாகக் கொட்டுவார்.

வைகாசியில் மருதேவியம்மாள் மேல்சித்தாமூருக்கே போய்விடுவது என்று முடிவானது. மடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. செஞ்சி வீட்டைத் தர்மதாஸ் பார்த்துக்கொள்வான். மீனம்பாள் வந்து சொன்னபோது திண்டிவனம் பஸ் கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது. அந்த வருஷத்துத் துணி இன்னும் தைத்துக் கொடுக்கவில்லை. ஆரோக்கியநாதன் பீரோவிலிருந்து கெட்டியான காடாத் துணியை எடுத்தார். இரட்டையாக மடித்து, நான்கு பக்கமும் ஓரம் அடித்தார். ஓர் ஓரம் கோணிப்போனது. பிரித்து மறுபடி அடித்தார்.

பஸ் நிலையத்துக்கு அவர் போனபோது தர்மதாஸ் பஸ் மேலே ஏறித் தகரப்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் படிக்குப் பக்கத்தில் செம்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆரோக்கியநாதன் துணியை நீட்டினார். வாங்கி, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, செம்புக்குள் வைத்தார்.

ஐந்து நாள் கடையில் ஒளிந்துகொண்டிருந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆரோக்கியநாதன் போயிருந்தார். வழி முழுக்க வார்த்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார். அங்கே வந்ததும் ஒன்றும் வாயில் வரவில்லை. டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரனை அமுக்கினான். மருதேவியம்மாள் ஒரு படி ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரும்பினார்.

"அந்தக் கதய நானும் படிச்சேன் டெய்லரே. பாவம் அந்தப் புள்ள, செம்புல இன்னா இருக்குதுன்னு அதுக்குத் தெரியல. எல்லாம் பொய்யித்தான் எழுதியிருக்குது. ஒன்னே ஒன்ன மட்டும் சரியாப் பாத்திருக்குது. செம்பு மேல வந்தப்புறமும் நான் நின்னுக்கினு இருப்பேன்னு எழுதியிருக்குது பாருங்க, அது. மந்திரமெல்லாம் நான் வர்ற வழியிலயே சொல்லி முடிச்சிருவேன். செம்ப விட்டு எடுக்க அவ்ளோ நேரம் ஆவாது."